பட்டுவின் மஞ்சள் குல்லாக்கள்

மேற்குத் தாம்பரம்
12-12-2006

சிரஞ்சீவி பத்ரிக்கு,

அத்திம்பேர் லக்ஷ்மிநாராயணன் அநேக ஆசீர்வாதம். நீயும் குழந்தைகளும் டெல்லிக் குளிரில் சௌக்கியமாக இருக்கப் பகவானை வேண்டுகிறேன். இங்கே நானும் உன் அக்கா பட்டுவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை, அதனால் எழுதிவிட்டேன். நீ உடனே லீவு போட்டுவிட்டு வந்து அவளுடைய கம்பளி வியாபாரத்தை மூடச் சொல்ல வேண்டும். தம்பி சொன்னால் கேட்பாள்.

கொல்லன் தெருவில் ஊசி விற்றாலும் ஒருவன் பேரம் பேசுவான். வருஷம் முழுக்க விசிறியும் கையுமாக இருக்கிற ஊரில் ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னி விற்கிறாளே! அதிலும் ரசாயனச் சாயம் ஆகாதாம், பூமிக்குக் கெடுதலாம். மஞ்சள், டீத்தூள், வெங்காயத்தோல் இவற்றில்தான் சாயம். வெங்காயத்தோலுக்கு என்னைத்தான் பையோடு அனுப்புகிறாள். ஸ்டேஷன் பக்கத்தில் மெஸ் நடத்தும் ரத்தினபாய் நாலு நாள் பேசாமல் தோலை அள்ளிப் போட்டாள். அப்புறம் ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னா சார், வூட்ல கஷ்டமா? புள்ளைங்க பாக்கறதில்லியா? வெங்காயத்தோலயா துன்னுகினு கீறீங்க? இந்தாங்க, சாம்பார் சோறு எட்த்துகினு போங்க" என்று பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டாள். கவர்மென்ட் சர்வீஸில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ரிடையரானவன் நான்! சாதம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம், நாவலூர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸஹானா என்ற பெண், ஆபீஸ் கோஷ்டியோடு அமெரிக்கா போகிறேன் என்று எல்லோருக்கும் மஞ்சள் குல்லா கேட்டாள். பட்டுவுக்கு முதல் பெரிய ஆர்டர். தூக்கம் இல்லாமல் பின்னி, மஞ்சளில் தோய்த்துக் கொடியில் போட்டாள். கிட்டே போனேன், ஒரே மஞ்சள் நெடி. ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று சோப்புத்தூளில் ஊறவைத்தேன். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி என்பது தெரியும்; சோப்பும் அதே வேலையைப் பண்ணும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பக்கெட் முழுக்கச் செக்கச்செவேல். மறுநாள் அந்தப் பெண் வரவேண்டும். பட்டு திட்டக்கூட இல்லை. ஈரக் குல்லாக்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, பத்ரி.

அன்றைக்குச் சமையலும் இல்லை. நானே ரசம் வைத்தேன். இறக்கும்போது கை நழுவி, மேடையில் கிடந்த ஒரு குல்லாவின் மேல் கொட்டியது. கொட்டிய இடம் பளிச்சென்று மஞ்சள்! பட்டு துள்ளி எழுந்து, வீட்டிலிருந்த புளி பூராவையும் கரைத்து எல்லாவற்றையும் முக்கினாள். நிறம் திரும்பிவிட்டது. ரச வாசனைதான் போகவில்லை. மறுநாள் ஸஹானா ஒரு குல்லாவை எடுத்து மோந்து பார்த்தாள். "ஆன்ட்டி, ப்ளீஸ், இத வாஷ் பண்ணிடாதீங்க. அங்க போய் வீட்டு ஞாபகம் வந்தா மோந்து பாத்துக்கறோம்" என்றாள்.

இப்போது அதே ஆபீஸிலிருந்து இன்னொரு ஆர்டர், ரச வாசனையோடு! ரசம் வைக்கிற பொறுப்பு என் தலையில். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? ஆகவே தாமதிக்காமல் வா. குழந்தைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
லக்ஷ்மிநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பட்டு இதைப் படித்துவிட்டாள். பிறகு, "நீங்க சொல்றதும் நியாயம்தான்னா. இதோட மூடிடறேன்" என்று பின்னல் ஊசிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீ அவசியம் வா. வந்து, மூடக் கூடாது என்று சொல்லு. கல்யாணமான நாளாக என் பேச்சைக் கேட்காதவள், இன்றைக்குப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.