ரெண்டாம் பாகம்

காஞ்சிபுரத்தில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செத்தவனை எழுப்பி உட்காரவைக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் பிள்ளையார்பாளையத்து 'ரெண்டாம் பாகம்'தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும், அதன் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைப்பது அவர் தொழில். ஆயிரக்கணக்கான இழை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். கை அதுபாட்டுக்கு முறுக்கும். வாய் சும்மா இருக்குமா? கொட்டகைக்குக் கொலைப் படம் எது வந்தாலும் முதல் ஆளாகப் பார்த்துவிடுவார். கொலைகாரன் குண்டடிபட்டுச் செத்து, 'வணக்கம்' போட்டு, ஜனம் எழுந்து போன பிறகுதான் அவர் கதை ஆரம்பம்.

"சுட்டாங்க, சரி. செத்தா மாதிரி படுத்துக்கினு இருந்தான்பா" என்பார். அவ்வளவுதான். அந்த முகமூடிப் பாவி ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி எங்கள் ஊரில் வந்து இறங்குவான். பாழடைந்த பங்களாவுக்கு ஐந்து காலேஜ் பிள்ளைகள் சுற்றுலா வருவார்கள். எந்த வீட்டில் பிணைக்கிறாரோ, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்தான் ஐந்து பேருக்கும். ஒவ்வொருவராகத் தனியாகப் போவார்கள், ஒவ்வொருவராகக் காலி. பட்டப்பகலில் கதை கேட்ட பிள்ளைகள்கூட, கொல்லைப்பக்கம் போக மூன்று பேர் சேர்ந்து போவார்கள். தன் பிள்ளையை முதல் ஆளாகக் கொன்றதற்கு ஓர் அம்மாள் சண்டை பிடித்தாள். தன்னைக் கொல்லவே இல்லையென்று இன்னொரு வீட்டுப் பையன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரே கதை ஐயா! சாகிற ஆளும் இடமும்தான் மாறும். அதற்கு மூன்றாம் பாகம், நான்காம் பாகம் வேறு.

எனக்கு வயிறு எரிந்தது. நான் துப்பறியும் கதை எழுதுகிறவன். பத்திரிகைக்கு அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வரும். தெருவில் ஒருத்தராவது வாயைப் பிளந்துகொண்டு என் கதையைக் கேட்க வேண்டும். அப்போது வாழ்க்கையில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தங்கையைப் பிடித்து உட்காரவைத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி விட்டாள். அவளே, அந்த ஆள் பக்கத்து வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தட்டில் போட்டது போட்டபடி ஓடுவாள். அப்படி என்னதான் இருக்கிறதாம் என்று கேட்டேன்.

"உன் கதையில யாரு கொலைகாரன்னு கடைசி வரைக்கும் தெரியாதுண்ணா. அவரு கதையில அவன் கதவாண்ட நிக்கறது எனக்குத் தெரியும், அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. போகாதடின்னு கத்தணும் போல இருக்குது. அவ பேரும் என் பேரு வேற."

ஒரு வழியாக ஒரு வார இதழில் என் கதை வந்தது. கடைசிப் பக்கத்தில் கொலைகார டாக்டருக்குத் தூக்கு. பத்துப் பிரதி வாங்கித் தெருவில் கொடுத்தேன். ஒருத்தரும் பிரித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலேயே அதன்மேல் காபி டம்ளரை வைத்திருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வழிமறித்து, அந்த டாக்டரைத் தூக்கில் போட்ட பிள்ளை நீதானா என்று கன்னத்தைத் தடவினாள். மறுநாள் இன்னும் நாலு பேர். விசாரித்தால், நம்ம ஆள் என் கதைக்கு இரண்டாம் பாகம் சொல்லிக்கொண்டு திரிகிறார்! கேட்பவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று முதலில் என் கதையை முழுசாகச் சொல்லி, எழுதியது இன்னார் மகன் என்றும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாராம்.

சண்டைக்குத்தான் போனேன். இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் முந்திக்கொண்டார். "தூக்குல போட்டுட்டியேபா. அவனை எழுப்பறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சு."

சொந்தமாக ஒரு கதை சொல்வதுதானே என்று சுள்ளென்று கேட்டேன். முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"மொதல் பாகம் எனக்கு வராதுபா. எத்தினியோ வருசமா முட்டிக்கினு இருக்கேன். உனுக்கு மட்டும் எங்கேர்ந்து வருதோ, வயிறு எரியுது."

இத்தனை நாள் நான் பட்ட பொறாமைக்கு எதிர்த்திசையிலிருந்தும் ஒரு பொறாமை வந்துகொண்டிருந்திருக்கிறது! அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ கதை எழுதினேன். அவர் இருந்தவரைக்கும், ஒன்றில்கூடக் கொலைகாரனைச் சாகவிடவில்லை.