தோளுக்கு எத்தனை யூனிட்?

எங்கே வலிக்கிறது என்று கேட்டால், காசு யார் கட்டுவது என்று விசாரித்துவிட்டுப் பதில் சொல்லும் நோயாளிகள் ஒரு தனி இனம். பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி பெஞ்சுகள் பாதி தேய்ந்தது இவர்களால்தான்.

ராஜபாளையத்து நூல் மில் தொழிலாளி கருத்தப்பாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறாம் வருஷம் அவருடைய வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேலே ஏறமாட்டேன் என்றது. ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்ததால் வைத்தியம் இலவசம். அடடா, அப்போது அவருக்கு இருந்த வலி! தோளில் தொடங்கி, இடுப்புக்கு இறங்கி, அதுவரை இருப்பதே தெரியாத எலும்புகளில் எல்லாம் குடியேறியது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி மிஷினில் கரண்ட் வைத்துக்கொண்டதோடு, "இந்த முட்டிக்கும் செத்த நேரம் வச்சுவிடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கை மெல்ல நெற்றிவரை ஏறியது.

அந்த நேரம் பார்த்து மில்லில் அவரை மேஸ்திரி ஆக்கினார்கள். சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியது, கார்டு போயிற்று. சம்பளம் கூடியதற்கு ஒப்பாரி வைத்த மனிதர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

மனைவி வெள்ளத்தாய் விடவில்லை. "மில்லு சத்தத்துல கையக் காட்டித்தான வேலை வாங்கணும்? கையத் தூக்காட்டி பழைய வேலைக்கே தள்ளிருவாக" என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றிவிட்டாள். அங்கே ஜெயபாய் என்கிற அம்மாள் இதே வைத்தியத்துக்குத் தனியாக கிளினிக் வைத்திருந்தார். ஒரு தடவைக்குப் பதினைந்து ரூபாய்.

"எம்புட்டு? ஏம்மா, ஒரு யூனிட் கரண்டு ஒரு ரூவாகூட ஆகாதே! பதினஞ்சு ரூவாய்க்கு எங்க தெருவுக்கே லைட்டு எரியும்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'கரண்ட் வைக்கிறது' என்று பெயர் வைத்தது ஊர்தானே?

"அப்ப வீட்டு ப்ளக்குலயே கைய வச்சுக்கிடுங்க அண்ணாச்சி," என்றார் ஜெயபாய். "கை மட்டுமில்ல, ஆளே மேல போயிருவீக."

இரண்டு நாள் கரண்டை ஒரே நாளில் சேர்த்து வைக்கச் சொல்லிப் பார்த்தார். நடுவில் கரண்ட் போனதற்குத் தள்ளுபடி கேட்டார். நான்காம் தடவை, "வலியே இல்லம்மா, சொகமாயிட்டு" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தோள் மறுபடி இறுகியது. மிஷினை நிறுத்தச் சொல்லி மேஸ்திரி கையைத் தூக்கினால் அது நெஞ்சோடு நின்றது. வணக்கம் வைக்கிறார் என்று நினைத்து ஆட்கள் பதில் வணக்கம் வைத்தார்கள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் மாதம் பழைய வேலை, பழைய சம்பளம். வெள்ளத்தாய் அழுதாள்.

கருத்தப்பாண்டி அழவில்லை. கார்டு திரும்பி வந்துவிட்டதே! வலியும் முட்டி, இடுப்பு சகிதமாகத் திரும்பி வந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. காசு என்றதும் வைத்தியத்தைப் பாதியில் விட்டதே இல்லை என்பவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

ம்... இன்னும் கொஞ்சம் மேலே?