சர்வர் அறையில் பூ வைக்கக் கூடாது

என் மாமா நாகராஜன் பொய் சொல்கிறார். ஆறு வருடமாகச் சொல்கிறார். குளுவாங்கில் யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே அந்தக் கதையை ஆரம்பிக்கிறார். கதையில் முட்டாள் நான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் முட்டாள்தான். ஆனால் அன்றைக்கு இன்னொரு முட்டாளும் இருந்தார். அவரை மட்டும் மாமா ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறார்.

நடந்ததை நான் சொல்கிறேன்.

ஜொகூர் பாருவில், ஒரு செம்பனை எண்ணெய் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாலோ, காஹாங், சிம்பாங் ரெங்கம் என்று நிறுவனத்துக்கு மூன்று ஆலைகள். ஒவ்வோர் ஆலையிலும் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு சர்வர், அதைக் குளிராக வைக்க ஓர் ஏர்கோன். எந்த லாரி எத்தனை டன் பழம் கொண்டுவந்தது என்ற விவரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். பெட்டி படுத்துவிட்டால் லாரி உள்ளே போக முடியாது. லாரி நின்றால் பழம் வெயிலில் கெடும்.

அதுவரை சர்வர் படுத்த செய்தி எங்களுக்கு எப்படி வரும் என்றால், லாரிக்காரர் ஆலைக் கணக்கெழுதும் கிராணியைத் திட்டுவார், கிராணி எங்களைத் திட்டுவார். நான் வந்து அதை மாற்றினேன். மூன்று சர்வர்களையும் ஜொகூர் பாருவில் இருந்தபடியே கவனிக்க ஓர் ஏற்பாடு செய்தேன். சுவரில் பெரிய திரை, அதில் மூன்று கட்டங்கள். எல்லாம் நலம் என்றால் பச்சை. கோளாறு என்றால் சிவப்பு, கூடவே காது கிழியும் ஒரு கூவல். அறையின் வெப்பம், ஈரப்பதம் எல்லாம் தெரியும். கேமராவும் உண்டு. எச்சரிக்கையை நிறுத்தி வைத்தால் அந்தக் கட்டம் பச்சையாகிவிடும்படி செய்ததும் நான்தான். சிவப்பு கண்ணை உறுத்துகிறதாம். (என்ன மூளை பாருங்கள்!)

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேலாளர் மிஸ்டர் டான் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தகுதிகாண் காலத்தோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என் அப்பா, "பேசாம சிங்கப்பூருக்குப் போ" என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார். எல்லைப் பாலம் தாண்ட மாட்டேன், இங்கேயே நிலைத்துக் காட்டுகிறேன் என்று நான் சவால் விட்டிருந்தேன். அதனால் அந்த நிரந்தரக் கடிதம் எனக்கு வெறும் கடிதம் அல்ல.

இப்போது மாமா. அவர் என் அம்மாவின் தம்பி. பாலோ ஆலையின் கிராணி. சர்வர் அறைச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை எனக்கு வாட்சாப்பில் எழுதினார். கேமரன் மலையிலிருந்து பூ நாளைக் காலை வருகிறது, பாலோவில் வெயில் கொளுத்துகிறது, சர்வர் அறையில் ஒரே ஒரு கூடை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். 'சரி லா மாமா' என்று பதில் போட்டேன்.

நான் செய்த முதல் தப்பு இது. ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பாலோ கட்டம் சிவந்து கூவியது. அறையில் ஈரப்பதம் ஏறிக்கொண்டிருந்தது. உடனே மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, அங்க என்ன பண்றீங்க?"

"பூவுக்குத் தண்ணி தெளிக்கிறேன்மா. செடிக்கு மருந்தடிக்கிற பம்பு ஒண்ணு கிடைச்சுச்சு. நல்லா அடிக்குது."

"அலமாக்! அது சர்வர் ரூம் மாமா!"

"பெட்டி மேல படாமதான் அடிக்கிறேன். உன் மேல சத்தியம்."

"என் மேல ஏன் சத்தியம் பண்றீங்க? ஒரு கூடைதானே வச்சிருக்கீங்க?"

"அது... கொஞ்சம் பெரிய கூடை."

அப்போது கதவு திறந்தது. மிஸ்டர் டான். அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். சிகாமட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த, வழுக்கைத் தலைச் சீனர். எங்களிடம் ஆங்கிலமும் மலாயும்தான் பேசுவார். தமிழில் பேசினால் யாருக்குத் தெரியும் என்ற தைரியத்தில், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, "மொட்டை வந்துருச்சு மாமா, வைங்க" என்றேன்.

வைத்த கையோடு பாலோவின் எச்சரிக்கையை நிறுத்தினேன். 'இந்த இடம் மட்டும்' என்று ஒரு பொத்தான், 'எல்லா இடங்களும்' என்று ஒரு பொத்தான். பதற்றத்தில் எதை அமுக்கினேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரை முழுக்கப் பச்சை. கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி.

அந்தக் குளிர்ச்சியில் எனக்கு வாய் நீண்டது. "காஹாங்கில் சர்வர் தும்மினால் அடுத்த நொடி இங்கே எனக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் அளந்தேன். மிஸ்டர் டான் தலையாட்டினார். முக்கால் மணி நேரம் அளந்தேன். கடிதத்தில் அவர் கையெழுத்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அவருடைய போன் அடித்தது. பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

"காஹாங்கில் சர்வர் இல்லை. லாரி வரிசை பெரிய சாலை வரை நிற்கிறது."

திரையில் காஹாங் பச்சை.

அவரே சிம்பாங் ரெங்கத்தைக் கூப்பிட்டார். அங்கேயும் சர்வர் படுத்திருந்தது. திரையில் அதுவும் பச்சை. கடைசியாகப் பாலோ. மாமா மலாயில் உற்சாகமாக, "எல்லாம் நல்லா இருக்கு பாஸ், ரொம்பக் குளிர்ச்சி!" என்றார். எந்தச் சர்வருக்காக நான் எச்சரிக்கையை நிறுத்தினேனோ, அது ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது.

"கேமராவைத் திற" என்றார் மிஸ்டர் டான்.

திறந்தேன். அந்தப் பெரிய திரையில், இரண்டு ஆள் உயரத்துக்கு, முதலில் மாமா வந்தார். ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி, முதுகில் மருந்து பம்பு. தரையே தெரியாமல் செவ்வந்தி. அடுத்து காஹாங். சர்வர் மேலும் கீழும் ரோஜாக் கூடைகள். சாமியைத் தவிர எல்லாம் இருந்தது. மூன்றாவது சிம்பாங் ரெங்கம். ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சர்வர் பெட்டியில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியிருந்தார்.

"யார் அது?"

"எங்கம்மா சார்."

காஹாங் கிராணி சேகர் அண்ணனைக் கூப்பிட்டேன். மிஸ்டர் டான் ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். போட்டேன். தமிழ்தானே.

"அண்ணே, சர்வர் என்னாச்சு?"

"நான்தான் அணைச்சேன் தங்கச்சி. பெட்டிக்குப் பின்னால சூடா காத்து வருது. ரோஜாவெல்லாம் தலை தொங்கிருச்சு. கல்யாணம் முடியட்டும், திங்கக்கிழமை போட்டுடறேன்."

"யாரக் கேட்டு அங்க பூ வச்சீங்க?"

"நீதானே சரின்னு சொன்ன? நீ போட்ட பதில உன் மாமா படம் புடிச்சுக் காட்டுனாரே. பாலோவுல இடம் பத்தலன்னு ஆலை லாரியிலதான் அனுப்பினாரு."

அடுத்து அம்மா.

"குளிரு தாங்கலடி. முட்டி விறைச்சுப் போச்சு. ஏர்கோன அணைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல இந்தப் பெட்டி கீகீன்னு கத்திட்டு தானா அடங்கிருச்சு. நல்லதா போச்சு, சத்தம் இல்ல."

அதாவது, ஓர் ஊரில் பூவுக்காகச் சர்வரை அணைத்திருக்கிறார்கள். இன்னோர் ஊரில் முட்டிக்காக ஏர்கோனை அணைத்திருக்கிறார்கள். இரண்டையும் கண்டுபிடித்துக் கூவியிருக்க வேண்டிய திரையின் வாயைப் பொத்தியவள் நான்.

மிஸ்டர் டானின் முகத்தைப் பார்க்காமல் மாமாவை அழைத்து, வேகமாகத் தமிழில் பொரிந்தேன். "மாமா, உடனே எல்லாப் பூவையும் வெளிய தூக்குங்க. யாராச்சும் கேட்டா, சர்வருக்குப் பூஜைன்னு சொல்லுங்க. இந்த மொட்டைக்கு ஒண்ணும் தெரியாது."

பின்னாலிருந்து ஒரு குரல், சுத்தமான தோட்டத்துத் தமிழில் வந்தது.

"பூவ வெளிய எடுக்காதீங்க அண்ணே, வாடிப் போயிடும். பம்ப மட்டும் கீழ வைங்க. மொட்டை சொல்றேன்."

மிஸ்டர் டான் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். அடுத்த வீட்டில் தமிழர்களாம். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

அவரே மளமளவென்று வேலையை முடித்தார். சேகர் அண்ணனிடம் சொல்லிச் சர்வரைப் போட வைத்தார். அம்மாவுக்கு ஒரு கம்பளி கொடுக்கச் சொல்லி ஏர்கோனைப் போட வைத்தார். ஒரு மணிக்குள் லாரிகள் நகர ஆரம்பித்தன. மறுநாள் கல்யாணத்துக்கும் மிஸ்டர் டான் வந்தார். ஒரு பூ வாடவில்லை. மாப்பிள்ளை கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்து, "இது காஹாங் ரோஜாவா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம். காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: பூ. அதை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அந்த ஆறு மாதத்தையும் ஓட்டி நிரந்தரமானேன். நிறுத்தி வைத்த கட்டம் இப்போது பச்சையாகாது, சாம்பல் நிறமாகும். மூன்று ஆலைகளிலும் சர்வர் அறைக் கதவில், பூ வைக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகை தொங்குகிறது. புதிதாக வருபவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். எல்லோரும் என்னைக் கை காட்டுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் முதல் கேள்வி, "கஸ்தூரி, ரூம் காலியா இருக்கா?"

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மாமா, மூன்று ஆலைகளிலும் பூ வைக்க நான்தான் உத்தரவு போட்டேன் என்று நீங்கள் சொல்வதைப் பொறுக்க மாட்டேன். அதற்கு ஆதாரம் என்று இன்னமும் அந்த வாட்சாப் படத்தைக் காட்டுகிறீர்கள். அதில் என் 'சரி லா மாமா' மட்டும் இருக்கிறது. மேலே இருந்த உங்கள் கேள்வியை வெட்டிவிட்டீர்கள். என் பழைய போன் செத்துப்போன தைரியம் உங்களுக்கு.

அடுத்த மாதம் உங்களுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும், சொந்தமெல்லாம் இருக்கும், மிஸ்டர் டானும் வருகிறார். வெட்டாத படத்தை எல்லோர் முன்னாலும் காட்டுங்கள். மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள் மாமா: என்னிடம் நீங்கள் கேட்டது எத்தனை கூடை?