முனியம்மாளின் களத்தில் இறங்கிய விதம்

ஏரியூர்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் மதியழகன் அவர்களுக்கு,

வீரமணி பணிவுடன் எழுதுவது. இங்கே உங்கள் அக்கா நிர்மலா, மகள் கவிப்பிரியா, மாடு கன்று எல்லாரும் சுகம். நானும் இடுப்புக்கு மேலே சுகம். பெங்களூரில் உங்கள் வீட்டாரும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், நடுவில் சிரிப்பீர்கள், அதனால் கடிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்டினால் அருள்குமாரைத்தான் கட்டுவேன் என்று கவிப்பிரியா ஒற்றைக் காலில் நிற்கிறாள். பையன் ராணுவத்தில் பாராசூட் பிரிவில் இருந்து வந்தவன். இப்போது ஊருக்கு மேற்கே போட்டிருக்கும் முகாமில், புது ஆட்களைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கிறான். தினமும் கீழே விழுந்து சம்பளம் வாங்குகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று நான் கேட்டதற்கு, தாய்மாமனாகிய நீங்கள், ஒரு முறை அவனோடு குதித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றீர்கள். இன்று காலை குதித்தேன்.

குதிப்பதில் ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவன் குதித்தான். இறங்குவதுதான் விவகாரம். புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: மேலே இருக்கும்வரை தரைக்கும் நமக்கும் பேச்சுவார்த்தையே இல்லை, கடைசியில் திடீரென்று அதுவே எழுந்து வருகிறது. அந்த நேரத்தில் இரண்டு காலையும் முன்னால் நீட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் கட்டியிருப்பவன் கால்தான் முதலில் தரையைத் தொடும், பிறகு இருவரும் உட்கார்ந்தபடி சறுக்கி நிற்போம். பாயில் உட்கார வைத்து இதைப் பழக்கினான், நன்றாகவே செய்தேன். ஆனால் பாயில் காற்று அடிக்கவில்லை. இறங்க வேண்டிய கரம்பு நிலத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய், கீழே பார்த்தால் நம்ம ஊர் முனியம்மாளின் ராகிக் களம்! கதிரைப் பரப்பிக் காயப் போட்டிருக்கிறாள். என் காலிலோ ஷூ. செருப்போடு குதிக்கக் கூடாது என்று முகாமில் மாட்டிவிட்டது. நம்ம பக்கம் களத்துல எவனாவது செருப்புக் காலோட ஏறுவானுங்களா மச்சான்? சோறு போடுற சாமி இல்லீங்களா அது?

“தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. ஷூவக் கழட்டணும்.”

“நிறுத்த முடியாதுங்க சார். காலத் தூக்குங்க!”

“ராகி மேல ஷூவோட எப்படிப்பா நிக்கிறது?”

“நிக்கவே வேணாங்க! தூக்குங்க!”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு காலால் மறுகால் ஷூவைத் தள்ளிவிட்டேன். அது எங்களுக்கு முன்னால் போய் முனியம்மாளின் களிச் சட்டியில் இறங்கிவிட்டது. மற்றதைக் கழற்ற நான் குனிய, கட்டோடு அவனும் சாய, “மாமா, காலு! மாமா!” என்று கத்தினான். மேலே சார், கீழே மாமா. யாரு குடுத்த உரிமைங்க இது? அந்தக் கோபத்தில்தான் என் கால்கள் இரண்டும் மேலே போயின. தொப்பென்று இறங்கினோம். எங்கள் மேலும் நாலைந்து கோழிகள் மேலும் பாராசூட் மூடிக்கொண்டது.

முனியம்மாள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். வானத்திலிருந்து ஆள் வந்ததே என்ற ஆச்சரியம் ஒரு துளி இல்லை. “ஏனுங்கண்ணா, வர்றதுன்னா வழியில வரக் கூடாதுங்களா?” என்றவள், அருள்குமாரின் காலைப் பார்த்துவிட்டு, “களத்துல செருப்போடவா? எந்தூரு பையன் இவன்?” என்று பிடித்துக்கொண்டாள். அவன் உடனே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே வெளியே போனான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகவே என் முடிவு: இந்தச் சம்பந்தம் வேண்டாம். எங்கே இறங்குவோம் என்றே நிச்சயமில்லாதவன் கையில் ஒரே மகளை எப்படிப் பிடித்துக் கொடுப்பது? தருமபுரியில் ஆபீஸ் வேலை, அதுவும் கீழ்த்தளத்தில் பார்க்கிற பையனாக விசாரியுங்கள். கவிப்பிரியாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். என்னோடு அவள் பேசுவதில்லை. தீர்த்தமலையான் உங்கள் வீட்டைக் காக்கட்டும். பிள்ளைகளை மொட்டை மாடிக்கு விட வேண்டாம்.

இப்படிக்கு,
தரையில் இருக்கும்
வீரமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அருள்குமார் வந்தான். முகாமில் நான் மறந்துவிட்டு வந்த செருப்பைக் கொண்டுவந்திருந்தான். கணுக்காலில் பெரிய கட்டு. “என்னாச்சு தம்பி?” என்று உங்கள் அக்கா பதறினாள். “படியில வழுக்கிருச்சுங்க. சார் அருமையா எறங்குனாருங்க, சொன்ன மாதிரியே காலத் தூக்கிட்டாரு” என்றான். என் காலில் ஒரு கீறல் இல்லை மச்சான். ரெண்டு பேரு பாரமும் அவன் ஒத்தக் கால்ல எறங்கியிருக்குது. மேலே முடிவு என்று எழுதியதைப் படிக்க வேண்டாம். மார்கழி போகட்டும், தை பிறந்ததும் நிச்சயம். தாய்மாமன் இல்லாமல் வெற்றிலை பாக்கு மாற்ற முடியாது, பஸ்ஸிலேயே வாருங்கள். போகும்போது அவன், “வர்றேனுங்க சார்” என்றான். “காலையில கத்துனப்ப நல்லாத்தான கூப்பிட்டீங்க. அப்படியே கூப்பிடுங்க” என்றேன்.