மாப்பிள்ளைக்குப் பிளாஸ்திரி

சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து உள்ளே பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிவிட்டு, ஷேக் மைதீன் திருப்தியாக முக்காலியிலிருந்து இறங்கினார். பின்னாலேயே கடிகாரம் நின்றது.

"அண்ணாச்சி, கம்பெனி பேரு மறைஞ்சிட்டு. கூடவே நேரமும் நின்னுட்டுலா," என்றாள் நர்ஸ் சாலோமி.

அண்ணாந்து பார்த்தார். பெரிய முள் பிளாஸ்திரியில் மாட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையில் முன்னாள் படைவீரர்களுக்காக அவர்கள் சங்கமே நடத்திய சின்ன மருந்தகம் அது. ஷேக் மைதீன் ராணுவ மருத்துவப் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே மருந்து கொள்முதலையும் கவனிக்கும் கம்பவுண்டராக வந்து உட்கார்ந்தவர். அவர் பட்டாளத்தை விட்டாரே ஒழிய பட்டாளம் அவரை விடவில்லை. உத்தரவு என்று ஒரு தாள் வந்துவிட்டால் எழுந்து நின்றுதான் படிப்பார்.

அப்படி ஒரு தாள் மெட்ராஸிலிருந்து அந்த வாரம் வந்திருந்தது. சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற கேப்டன் வெங்கடசுப்பிரமணியன், அதை வாசித்துக் காட்டினார். மருந்துக் கம்பெனிகளிடமிருந்து இனிமேல் ஒரு துரும்பும் வாங்கக் கூடாது. கம்பெனிப் பெயர் போட்ட எந்தப் பொருளும் மருந்தகத்தில் கண்ணில் படக் கூடாது. மருந்து வாங்குகிற இடத்தில் இருப்பவருக்குக் கம்பெனி ஆட்களோடு எந்த உறவும் ஆகாது. இருந்தால் வேலையை விட வேண்டும். இதையெல்லாம் சரிபார்க்க மெட்ராஸ் அதிகாரி ஒருவர் நெல்லை எக்ஸ்பிரஸில் திடீரென்று வந்து இறங்குவார்.

"திடீர்னு வருவேன்னு முன்னாடியே சொல்லியிருக்கார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்தான்," என்று சொல்லிக்கொண்டே கேப்டன் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனா ஒரு இருமல் மருந்துக் கம்பெனி கொடுத்தது.

அன்று ஆரம்பித்த வேலைதான் இந்தப் பிளாஸ்திரி வேலை. தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, மருந்தகத்தில் சங்கத்துக்குச் சொந்தமானது சுவர் மட்டும்தான் என்று. காலண்டர் சத்து மாத்திரைக்காரன் கொடுத்தது. எடை பார்க்கும் மெஷின் வாயுத் தொல்லைக்காரன் கொடுத்தது. ஊசி போடும் மூலையை மறைத்திருந்த திரையில் ஊதா நிறத்தில் பெரிய மாத்திரை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. 

காலண்டரைக் கழற்றினார், வியாழக்கிழமை வர வேண்டிய சர்க்கரை நோயாளிகள் புதன்கிழமையே வந்து சேர்ந்தார்கள். பேனாக்களை எல்லாம் மூட்டை கட்டினார். பென்சிலால் எழுதிய மருந்துச் சீட்டை எந்தக் கிழவருக்கும் படிக்க முடியவில்லை. திரையை அவிழ்த்தார், பட்டாளத்தில் நாயக்காக இருந்து, இப்போது ஊசிக்கு வந்த மாரிக்கண்ணு இடுப்பு வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்த்தாப்புல டீக்கடைல பத்துப் பேரு உக்காந்திருக்கான் வே. சீனாக்காரனுக்கே முதுகு காட்டாதவன் நான். இவனுவளுக்குக் காட்டவா?"

"பைய திரும்பி நில்லும் வே. ஒரு நிமிசம்தான்."

"கையில போடும். இல்லைன்னா திரை வாரவரைக்கும் நான் இந்தப் பெஞ்சை விட்டு எந்திரிக்கதா இல்ல."

சாலோமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"எல்லாத்துக்கும் பிளாஸ்திரி ஒட்டிட்டிய, சரி. மாப்பிள்ளைக்கு எங்கன ஒட்டப் போறிய அண்ணாச்சி?"

ஷேக் மைதீன் முகம் சுண்டிப் போயிற்று. அந்தக் கேள்விதான் நாலு நாளாக அவரைத் தூங்க விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள், அர்வா. மேலப்பாளையத்தில் இரண்டு இடம் வந்து, பார்த்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் தட்டிப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் வீட்டில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தாள். அப்போதுதான் ஆதில் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ஆதில் மருந்துக் கம்பெனி ரெப். செவ்வாய்க்கிழமைதோறும் கழுத்தில் டையும் கையில் தோல் பையுமாக இதே மருந்தகத்துக்கு வருகிறவன். அவர்கள் பேசிவிட்டுப் போன மறுநாள் காலை, அர்வா அடுப்படியில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே தோசை சுட்டாள். வெகுநாள் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்ட ஷேக் மைதீன், தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் கலந்து பேசி முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த முடிவு வருவதற்குள் உத்தரவு வந்துவிட்டது.

வேலையா, மகளா? இரண்டும் வேண்டும் என்றுதான் எந்தத் தகப்பனும் நினைப்பான். அதிகாரி வந்து போகிறவரைக்கும் ஆதில் இந்தப் பக்கம் தலை காட்டாமல் இருந்தால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஷேக் மைதீன் கணக்குப் போட்டார். ஆதிலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றும் நினைத்தார். நினைத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஆதிலும் வந்தான். அதுவும் வருங்கால மாமனாருக்கென்று ஒரு பெட்டி அல்வாவோடு வந்தான். அதே நேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிகாரிதான் என்று ஷேக் மைதீனுக்கு உயிர் போய்விட்டது.

"யாருலே நீ? உள்ள வராதலே. கம்பெனிக்காரனுக்கு இங்கன என்ன சோலி? அல்வாவையும் எடுத்துட்டு நட."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆதில் அல்வாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். காரில் வந்தவர் அடுத்த தெருவுக்கு வழி கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

மேலப்பாளையத்தில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். ஷேக் மைதீன் வீடு போய்ச் சேர்ந்தபோது மனைவி ஆசியா உம்மாள் நடையிலேயே நின்றிருந்தாள்.

"மாப்பிள்ளைப் பையனை நாயை விரட்டுத மாதிரி விரட்டினியளாமே?"

"வேலைக்கு உலை வச்சிருவானுவ, ஆசியா. அதனாலதான்..."

"கலந்து பேசிட்டுப் பதில் சொல்லுதோம்னவுக இன்னும் ஆளே அனுப்பல. உங்க வேலையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

அன்று ராத்திரி அர்வா அவருக்குச் சோறு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா வாப்பா?" என்று கேட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் தோசை சத்தமில்லாமல் வந்தது. அதை அவரால் தின்ன முடியவில்லை.

அந்த மனதோடு மருந்தகத்துக்கு வந்து உட்கார்ந்தவருக்குப் பத்து மணி வாக்கில் அந்த ஆட்டோ சத்தம் கேட்டது. சஃபாரி சூட்டு, நரைத்த மீசை, கையில் பயணப் பை. அறுபது வயது மதிக்கலாம். உள்ளே வந்தவர் நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார். திரையில்லாத கம்பியைப் பார்த்தார்.

ஷேக் மைதீன் விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்தார். வந்தவர் திடுக்கிட்டு ஒரு அடி பின்வாங்கி, "அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார்.

"வ அலைக்கும் ஸலாம், சார்." மேசையில் இருந்த தன் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு மரியாதைக்குச் சொல்கிறார் என்று ஷேக் மைதீன் நினைத்துக்கொண்டார். பெரிய அதிகாரிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"மெட்ராஸ்ல இருந்து வாரேன். நெல்லை எக்ஸ்பிரஸ் லேட்டு. உங்களை நேர்ல ஒரு தடவை பாத்துட்டுப் போயிரலாம்னு..."

"தெரியும் சார். எல்லாம் தயாரா இருக்கு சார்."

வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"ஒம்பது வருசம் சார். ஒரு நாள் தப்பு நடந்ததில்ல."

"பீடி, சிகரெட்டு?"

கம்பெனிக்காரன் வாங்கிக் கொடுக்கிறானா என்று மடக்குகிறார். "பாக்குகூடப் போடுததில்ல சார்."

"குடியிருக்கிறது சொந்த வீடா?"

சம்பளத்துக்கு மேல் சொத்து சேர்த்திருக்கிறேனா என்று பார்க்கிறார். ஷேக் மைதீனுக்கு வேர்த்துவிட்டது. "உம்மா கொடுத்த வீடு சார். மழைக்கு ஒழுகும். வேணும்னா வந்து பாருங்க."

"பாக்கத்தான் வேணும்," என்றார் வந்தவர். "ஒரே பொண்ணுதானே? என்ன படிச்சிருக்கு?"

பெண் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார். எந்தப் பாவி சொல்லிக் கொடுத்தானோ. "பி.ஏ. சார். சாரா டக்கர் காலேஜ்." குரல் உள்ளே போய்விட்டது.

"ஆதில்னு ஒரு ரெப் பையன். உங்களுக்குத் தெரியும்லா?"

"யாரு சார்? அப்படி யாரும் எனக்குத் தெரியாது சார்."

பெஞ்சில் இருந்த மாரிக்கண்ணு இருமினார். சாலோமி பஞ்சைக் கீழே போட்டாள். வந்தவர் முகம் கறுத்துவிட்டது.

"தெரியாதா? நேத்து எல்லார் முன்னாடியும் அவனை விரட்டி விட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சார். விரட்டிட்டேன் சார்."

"ஏன்? பையன் நடத்தை சரியில்லையா? உள்ளதைச் சொல்லுங்க. நீங்க சொல்லுததை வச்சுத்தான் நான் ஒரு முடிவு எடுக்கணும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி தப்பும், மருந்தகம் தப்பும், ஒன்பது வருஷப் பெயர் தப்பும். ஷேக் மைதீன் வாயைத் திறந்தார். சத்தமில்லாமல் வந்த அந்தத் தோசைதான் கண் முன்னால் வந்து நின்றது.

"இல்ல சார்," என்றார். "பொய் சொல்லிட்டேன். அந்தப் பையன் தங்கம் சார். போன ஐப்பசில வெள்ளம் வந்து ரோடெல்லாம் அடைச்சுக் கெடந்தப்போ, விக்கிரமசிங்கபுரத்துல ஒரு சுபேதார் இன்சுலின் இல்லாம படுத்துட்டாரு. இவன்தான் ஐஸ் பெட்டியை பைக்குல கட்டிக்கிட்டு, நனைஞ்சிக்கிட்டே போய்க் கொடுத்துட்டு வந்தான். அது இவன் கம்பெனி மருந்துகூட இல்ல சார். எவன் மருந்தா இருந்தா என்ன மாமா, ஆளு பிழைக்கணும்லான்னான்."

வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷேக் மைதீன் விடவில்லை. அணை திறந்துவிட்டது.

"எம் மகளை அவனுக்குப் பேசியிருக்கோம் சார். இன்னும் அவுக பதில் சொல்லல. நான் செஞ்ச கூத்துக்கு இனிமே சொல்லுவாகளோ என்னமோ. இந்த உத்தரவுக்குப் பயந்துதான் அவனை விரட்டினேன். நேத்துல இருந்து எம் பிள்ளை முகத்தை என்னால பாக்க முடியல. அவன் கம்பெனிக்காக ஒரு மாத்திரை கூடுதலா நான் வாங்கினதில்ல சார், சத்தியமா. ஆனா உத்தரவு உத்தரவுதான். உறவு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். வேலையை வேணும்னா எடுத்துக்கிடுங்க."

இடுப்பிலிருந்து மருந்து பீரோச் சாவிக் கொத்தை எடுத்து, வந்தவர் கையில் திணித்துவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டார். வந்தவர் சாவியையும் பின் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு சாவியும் கையுமாகவே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

மாரிக்கண்ணுவுக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்தது. அவருடைய ஊசி மருந்து அந்த பீரோவுக்குள் இருந்தது. பெஞ்சை விட்டு எழுந்து, "சார், சாவி," என்று கூப்பிட்டுக்கொண்டே ஆட்டோவைப் பார்த்து ஓடினார்.

பின் அறையில் சாலோமி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். "குடிங்க அண்ணாச்சி. வேலை போனாப் போகுது. அர்வா இனிமே சிரிக்கும்லா."

"அது போதும் சாலோமி. எனக்கு அது போதும்," என்றார் ஷேக் மைதீன். நிஜமாகவே நெஞ்சு லேசாகியிருந்தது.

மாரிக்கண்ணு மூச்சு வாங்கத் திரும்பி வந்து, சாவிக் கொத்தை மேசை மேல் வைத்தார்.

"ஆதில் தம்பியோட மெட்ராஸ் பெரியவாப்பாவாம் வே அவரு, பொண்ணை மட்டும் கொடுத்தாப் போதும், பீரோவெல்லாம் வேண்டாம்னு சம்பந்திகிட்டச் சொல்லச் சொன்னாரு."