அடி தட்டாத கார்

தலைவரை எனக்க காரிலதான் ஏத்தணும். இது நான் எடுத்த முடிவு. ஆம்பிள எடுத்த முடிவு. வீட்டுக்காரியிட்ட கேக்காம எடுத்த முடிவு எண்ணும் சேத்துக்கிடுங்க. அப்படி ஒண்ணு எனக்க வாழ்க்கையில அதுதான் முதலு, அதுதான் கடைசி.

எல்லைப் போராட்டம் கொதிச்சுக்கிட்டிருந்த காலமாக்கும். பாறசாலை தமிழ்நாட்டோட சேரணும் எண்ணு நாங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை உதியன்குளங்கரையில கூட்டம். பேச வாற தலைவரை அமரவிளையிலருந்து ஊர்வலமாக் கூட்டிக்கிட்டு வரணும். சுத்துவட்டாரத்தில காருள்ள ஆளு ரெண்டே பேரு. கொப்பரை யாபாரம் செய்யுத பரமசிவன், அதாவது நான். பின்ன மரக்கடை விஜயதாஸ். அவனுக்கது சின்னக் காரு, ஆனா புத்தம் புதுசு. எனக்கது தோட்டத்துத் துரை கப்பலேறும்போ வித்துட்டுப் போன திறந்த ஃபோர்டு. எட்டு சிலிண்டர்! மிதிச்சா ரோட்டோரத்து வாழையெல்லாம் தலையாட்டும். குறை ஒண்ணுதான். டயரு நாலும் எனக்க மண்டையைப் போல மொட்டை.

காருக்கு ஒரு தனி மகிமையும் உண்டு. அடி தட்டும். கொல்லங்கோட்டில எனக்க மாமியாரு சரசம்மா வீட்டுக்குப் போற ஒத்தைப் பாதையில நடுவில ஒரு பாறை முட்டிக்கிட்டு நிக்கும். காருக்க வயிறு அதில கிரீச்செண்ணு உரசும், நான் அங்கணயே திருப்பிருவேன். மாமிக்கு மூட்டுவலி, அம்புட்டு தூரம் நடக்க ஒக்காது. மாட்டுவண்டியில ஏறினா இடுப்பு பிடிச்சுக்கிடும். ஆக, மாமி எங்க வீட்டுக்கு வந்து வருசக்கணக்காச்சு. முன்னால ஒரு தடவை வந்து தங்கினப்போ எனக்க சாய்வு நாற்காலி, சுருட்டு, காலத்த பலகாரத்தில ரெண்டாவது குத்துப் புட்டு, மூணும் போச்சு. அந்தப் பாறைக்குத் தேங்காய் உடைக்கணும் எண்ணுகூட நான் நினைச்சதுண்டு.

"எல்லைக்கல்லு நம்ம ரெண்டு வீட்டுக்கும் இடையில விழுந்தா என்ன செய்ய? எனக்க அம்மையைப் பாக்க நான் சீட்டு எடுத்துக்கிட்டா போகணும்?" எண்ணு எனக்க வீட்டுக்காரி சத்யபாமா ஒருநாள் கண்ணு கலங்கிட்டா.

"அதுக்குத்தானே பிள்ளே போராடுதோம்" எண்ணேன். பொய்யில்ல. நாட்டைச் சேக்கப் போராடினேன். மாமியாரைச் சேக்கணும் எண்ணு எந்தத் தீர்மானத்திலயும் இல்லியே!

இனி வீலு காரியம். உதியன்குளங்கரை எலியா ஒர்க்‌ஷாப்பில ரெண்டு செட்டு இருந்தது. ஒண்ணு, உயரம் குறைஞ்சு, அகலம் கூடி, நடுவில முகம் பாக்கலாம் போல பளபளண்ணு மூடி. "ரோட்டை அப்பிப் பிடிச்சுக்கிட்டு ஓடும். வளைவில அசையாது" எண்ணான் எலியா. மற்றது உலகச் சண்டை முடிஞ்சப்போ ஏலத்தில வந்த பட்டாள வீலு. நல்ல உயரம், டயரெல்லாம் பல்லு பல்லா. "அஞ்சு போல்ட்டும் ரெண்டிலயும் சேரும். எது வேணும்?" பளபளப்புதான் எண்ணு நான் மனசுக்குள்ள முடிச்சாச்சு.

வீட்டில வந்து நெஞ்சை நிமித்திச் சொன்னேன். "எட்டீ, காருக்கு வீலு மாத்தப் போறேன்."

"மாத்துங்க."

நிமித்தின நெஞ்சை இறக்கிக்கிட்டேன். "எதுக்கு எண்ணு கேக்க மாட்டியா?"

"நீங்க ஒண்ணு நினைச்சா அதில காரியம் உண்டும்."

மறுநாள் காலத்த பாத்தா, காருக்கு அடியிலருந்து ரெண்டு காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. குனிஞ்சேன். சத்யபாமா! கையில ஒரு தென்னை ஈர்க்கில். அதை நிமித்திப் பிடிச்சு, நகத்தால கிள்ளுதா.

"என்னத்தடீ செய்யுத?"

"முட்டை தேடுதேன். கோழி இதுக்கு அடியிலயாக்கும் இடுது."

"சனியன் பிடிச்ச கோழி! முட்டையில பெட்ரோல் வாடை அடிக்கப் போவுது" எண்ணு நாலு பக்கமும் பாத்துக் கோழியை வஞ்சேன். அவ ஈர்க்கிலைக் கொண்டையில சொருகிக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டா.

புட்டு வைக்கும்போ கேட்டா. "தலைவரு நல்ல உயரமோ?"

"குள்ளம். பிரசங்கம்தான் உயரம்."

"அய்யோ பாவம். தாழ்ந்த காரில நிண்ணா ஜனத்துக்குத் தொப்பி மட்டும்தானே காணும்? விஜயதாஸுக்க காரிலயாவது புதுசு எண்ணு ஏறுவாரு."

கையிலெடுத்த புட்டை அப்படியே வச்சேன். தண்ணியைக் குடிச்சேன். மூளையில வெளிச்சம் வந்தது. "எட்டீ! நான் பட்டாள வீலை மாட்டினா?"

அவ கையைக் கன்னத்தில வச்சா. "இதெல்லாம் உங்களுக்குத்தான் தோணும்!"

எலியா ரெண்டு நாளா ஸ்கேல் பிடிச்சு அளந்து மாட்டினான். டயரு உரசின இடத்தில மட்கார்டைத் தட்டி விரிச்சான். எனக்க ஃபோர்டு தலை நிமிந்து நிண்ணுது, பாக்கப் பாக்க ஆசையா இருந்தது. பாறையா? சத்தியமா ஓர்மையே வரல்ல.

ஞாயிற்றுக்கிழமை தலைவரு ரெண்டு காரையும் பாத்தாரு. நேரே வந்து எனக்கதில ஏறி நிண்ணாரு. அமரவிளையிலருந்து கூட்டம் முழுக்க அவரைக் கண்டுது. விஜயதாஸ் பின்னால மைக் செட்டைச் சுமந்துக்கிட்டு வந்தான்.

"எலே மக்கா, ஆனை முதுகில ஏத்தினது போல இருக்குலே!" எண்ணான்.

"யோசனை எனக்கதாக்கும்!" எண்ணேன் நான்.

மறுநாள் சத்யபாமா நல்ல சேலை உடுத்துக்கிட்டு வந்து நிண்ணா. "புது வீலில ஒருக்கா அம்மையைப் பாத்துட்டு வரலாமா?"

"அதுக்கென்ன, வா!" எண்ணேன் தாராளமா. அந்த வழியில தாராளம் எனக்கு எப்பவும் உண்டு. பாறை இருக்கே!

பாறை வந்தது. பைய ஏத்தினேன். கிரீச்சுக்காகக் காதைத் தீட்டி வச்சேன். வரல்ல. பாறை பின்னால போயிட்டுது. கிரீச் வரவே இல்ல.

சத்யபாமா கொண்டையிலருந்து ஈர்க்கிலை உருவினா. "இதுக்க நீளம் பாறைக்க உயரம். போன தடவை நடந்து போனப்போ அளந்து முறிச்சது. கிள்ளின இடம் காருக்க வயிறு. இடையில ரெண்டு விரல். பட்டாள டயரு ரெண்டு விரல் தூக்குமா எண்ணு எலியாவிட்ட முந்தியே கேட்டாச்சு." ஈர்க்கிலை வெளிய எறிஞ்சா. "அம்மைக்கு ஆளும் விட்டாச்சு."

கோவம் வரணும். வரல்லையே! எலியா ரெண்டு நாளா ஸ்கேல் பிடிச்சு அளந்த காரை இவ ஒரு ஈர்க்கில்ல முடிச்சுட்டா. இப்படி ஒருத்தி எனக்கு வாச்சாளே எண்ணு நெஞ்சு நிறைஞ்சுது. சாய்வு நாற்காலி ஞாபகம் வந்தப்போ கொஞ்சம் குறைஞ்சுது.

வாசல்ல மாமியாரு தயார். பக்கத்தில டிரங்குப் பெட்டி, வெத்தலைச் செல்லம், இடுப்பில ஒரு கோழி. "மருமோனே, நேத்தே வருவீரு எண்ணு பாத்தேன்" எண்ணு சொல்லி, தலைவரு நிண்ண இடத்தில ஏறி உக்காந்தாங்க. கோழியை எனக்க மடியில வச்சாங்க.

கோழியையாவது தடுக்கலாமே எண்ணு பாத்தேன். "இது என்னத்துக்கு மாமி? வீட்டில கோழி உண்டே! தினமும் காருக்கு அடியில முட்டை இடுது."

மாமியாரு மகளைப் பாத்தாங்க. மகள் என்னைப் பாத்தா, பாவமா.

"நம்ம வீட்டில எப்போங்க கோழி இருந்தது?"