ஏசிக்கு ஒரு போர்வை

"மூடாதீங்க அண்ணே. அதுக்குக் காத்து வேணும்," என்றார் சுப்பிரமணியன், கையில் காப்பிக் கோப்பையோடு பின்கதவு வாசலில் நின்றபடி.

ஞானேஸ்வரனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நைலோன் கயிற்றின் ஒரு நுனி வாயில் இருந்தது. நீலத் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து, முடிச்சைப் போட்டு, கயிற்றைத் துப்பிய பிறகுதான் திரும்பினார்.

"தம்பி, இது மாரிக் குளிர். வெளியில நிண்டு நடுங்கிற மெசின் வீட்டுக்குள்ள என்னெண்டு சூட்டை அனுப்பும்? சொல்லும் பாப்பம்."

சுப்பிரமணியன் ஒரு வங்கியில் மென்பொருள் பொறியியலாளர். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. ஆனால் கேட்க வேண்டியவர் இரண்டாவது முடிச்சுக்குப் போய்விட்டார்.

லண்டன் மோர்டனில் அது மேலும் கீழுமாக இரண்டு வீடு உள்ள கட்டடம். மேலே ஞானேஸ்வரனும் மனைவி சுகிர்தாவும். கீழே சுப்பிரமணியனும் மனைவி பிரீத்தாவும். பின்வளவு இருவருக்கும் பொது. பழைய ஹீட்டர்கள் கரண்டைக் குடித்துவிட்டுச் சூட்டைத் தர மறுத்ததால், போன கோடையில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே ஆட்களைப் பிடித்து ஏசி பூட்டினார்கள். கோடையில் குளிர், மாரியில் சூடு, இரண்டும் ஒரே மெசினில். பூட்டிய அன்று எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பின்வீட்டு மேரிறோஸ் அன்ரிதான் வீட்டுத் திறப்புகளை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துப் பார்த்துக்கொண்டார். பின்னேரம் வந்து பார்த்தால் வளவில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் பெட்டிகள் அருகருகே நின்றன. மேல்வீட்டுக்குப் போகும் படி வலதுபக்கம். ஆகவே வலதுபக்கப் பெட்டி ஞானேஸ்வரனுடையது, இடதுபக்கப் பெட்டி சுப்பிரமணியனுடையது.

ஞானேஸ்வரன் வீட்டில் மூடாத பொருள் என்று எதுவும் கிடையாது. ரிமோட்டுக்குப் பொலித்தீன். மைக்ரோவேவுக்குப் பூப்போட்ட துணி. சோபா கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக்கோடேயே இருக்கிறது. விருந்தாளி எழும்பும்போது வரும் சத்தத்துக்கு விருந்தாளிதான் வெட்கப்படுவார். "நான் கொஞ்ச நேரம் அசையாமல் ரீவி பாத்தால் என்னையும் அளவெடுக்கிற மாதிரிப் பாப்பார்," என்று சுகிர்தா சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவர் ஏசியை மட்டும் வெறும் மேலோடு விட்டதற்குக் காரணம் மறதிதான். ஞாபகப்படுத்தியவர் ரொறன்ரோவில் இருக்கும் சகலன் பாலேந்திரா.

"வெளிப்பெட்டியை மூடியாச்சோ?" என்று வாட்ஸப்பில் கேட்டார். "இஞ்ச நாங்கள் முதல் பனி விழமுதல் மூடிப்போடுவம். உங்களுக்கு உதெல்லாம் எங்க தெரியப்போகுது? லண்டன் வீடு எண்டாலே பிரிட்ஜ்தானே."

"பிரிட்ஜோ? பாலா அண்ணை, நீங்கள் இந்த மாசம் இஞ்ச சொந்தக்காரரின்ர கலியாண வீட்டுக்கு வரேக்க பாருங்கோ. எங்கட ஹோலில நீங்கள் சாரத்தோட, மேல் உடுப்பில்லாமல் இருந்து விசிறி கேப்பியள்."

"கேட்டால், நான் திரும்பிப் போகுமட்டும் லண்டனைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

மொத்தக் குடும்பமும் இருக்கும் குழுவில் இந்த வாக்குறுதி எழுத்தில் போய்விட்டது. முப்பது வருடமாக லண்டனைப் பற்றிச் சொல் கேட்டுக்கொண்டிருந்த ஞானேஸ்வரனுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. அன்றே போய்ப் படங்கு வாங்கினார்.

கட்டி முடித்துக் கையைத் தட்டும்போது வேலிக்கு மேலாக மேரிறோஸ் அன்ரியின் தலை தெரிந்தது.

"நல்ல மனம் தம்பி உமக்கு. இந்தக் காலத்தில ஆர் இப்பிடிப் பாப்பினம்?"

"எங்களுக்கு இதுதான் அன்ரி பழக்கம்," என்றார் ஞானேஸ்வரன் அடக்கமாக. பிறகு சுப்பிரமணியனைப் பார்த்தார். பெரிய மனிதர்களுக்கு இதெல்லாம் விளங்குகிறது என்ற பார்வை.

அந்தக் கிழமை குளிர் இறங்கியது. ஞானேஸ்வரன் வீட்டு ஹோல் பேக்கரி மாதிரி இருந்தது. சுகிர்தா ஜன்னலைக்கூடக் கொஞ்சம் திறந்தாள்.

கதவு தட்டப்பட்டது. சுப்பிரமணியன் ஜாக்கெட்டும் மப்ளருமாக நின்றார்.

"அண்ணே, உங்க வீட்ல ஹீட்டிங் வருதா? எங்களுக்கு வெறும் காத்துதான் வருது. அதுவும் ஏதோ பிச்சை போடற மாதிரி வருது."

"உள்ளுக்கு வாரும்." ஞானேஸ்வரன் இடுப்பில் இருந்த சாரத்தை ஒருமுறை உதறிக் கட்டினார். "நான் என்ன உடுத்திருக்கிறன்? சாரம். நீர் என்ன உடுத்திருக்கிறீர்? எவரெஸ்ட் ஏறப் போறவன்ர உடுப்பு. ரெண்டும் ஒரே மெசின், ஒரே ஆக்கள் பூட்டினது. என்ன வித்தியாசம்?"

"அதான் அண்ணே எனக்கும்…"

"ஒண்டு மூடினது. மற்றது மூடேல்ல."

"ஆனா லாஜிக்படி பாத்தா, வெளிக் காத்துல இருந்துதான் அது சூட்டை எடுக்குது. மூடினா எடுக்க முடியாது."

"வெளியில சூடே இல்லை தம்பி. இல்லாத சூட்டை எங்க இருந்து எடுக்கும்? கவுன்சிலில இருந்தோ?"

சுகிர்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "பாவம், அந்தாள் நடுங்குது. முதல் குடிக்க விடுங்கோ. பிறகு வெல்லலாம்."

சுப்பிரமணியன் இரண்டு தேத்தண்ணி குடித்து, பிளாஸ்டிக் சோபாவில் சத்தத்தோடு எழும்பிப் போனார். கீழே பிரீத்தாவின் குரல் மேலே வரைக்கும் கேட்டது.

"உங்க லாஜிக்கை வச்சு ஒரு டம்ளர் ரசம்கூட சூடு பண்ண முடியாது! அந்த அண்ணா படிச்சாரா, டிகிரி வாங்கினாரா? வீட்ல சாரத்தோட உக்காந்திருக்காரு!"

இதைக் கேட்ட ஞானேஸ்வரனுக்கு உற்சாகம் பிறந்தது. படங்கே இவ்வளவு செய்தால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் என்ன ஆகும்? பழைய டூவே போர்வை ஒன்றை எடுத்துப் படங்குக்குள்ளே வைத்து, நன்றாகப் பொத்தி, முகம் தெரியாமல் கட்டினார். உள்ளேயிருந்து 'ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது.

"கேட்டீரோ?" என்றார் சுகிர்தாவிடம். "சுகத்தில முனகுது."

மறுநாள் கீழ்வீட்டு ஏசி பிச்சை போடுவதையும் நிறுத்தியது. உள்ளே ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டும் மினுக்கி மினுக்கி எரிந்தது. பிரீத்தா ஒரு பெட்டியில் உடுப்பை அடுக்கினாள்.

"நான் ஈஸ்ட் ஹாம்ல அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க காத்தோட குடும்பம் நடத்துங்க."

படித்த மனிதனுக்கு அதற்கு மேல் கொள்கை தாங்காது. சுப்பிரமணியன் அன்றைக்கே ஆன்லைனில் ஓர் உறை வாங்கினார். வெள்ளி நிறம், இரண்டு பக்கமும் ஜிப், அடியில் இறுக்கும் நாடா. மூட மறுத்தவர் என்ற குறையை ஈடுசெய்ய இருப்பதிலேயே தடிப்பானதைத் தேடி எடுத்திருந்தார். இடதுபக்கப் பெட்டிக்கு அதைப் போட்டபோது ஞானேஸ்வரன் பக்கத்தில் நின்று மாப்பிள்ளைக்கு உடுத்திவிடுபவர் மாதிரி மேற்பார்வை பார்த்தார்.

"இழுத்துப் பூட்டும். வெட்கப்படாதையும். பாத்தீரே, கடைசியில நான் சொன்ன இடத்துக்குத்தானே வந்தீர்?"

"ஒத்துக்கறேன் அண்ணே. தியரி வேற, லைஃப் வேற."

மேரிறோஸ் அன்ரி வேலிக்கு மேலாகக் கையைக் கூப்பினார். "இப்ப நீரும் தொடங்கிட்டீரோ தம்பி? ஆண்டவரே, இப்பிடி ரெண்டு அயல் ஆருக்குக் கிடைக்கும்!"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சுகிர்தா கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, ஹோல் குளிருது."

"மனசில நினைச்சாக் குளிரும்."

"மனசில நினைக்கேல்ல. காலில நினைக்கிறன். கால் விறைக்குது."

ஞானேஸ்வரன் ஏசிக்கு நேரே கையை நீட்டினார். அது மரியாதைக்காக ஒருமுறை ஊதிவிட்டு நின்றது. காலையில் மேல்வீட்டிலும் சிவப்பு வெளிச்சம் மினுக்கியது.

சகலன் வர இன்னும் இரண்டே நாள்.

ஏசி பூட்டியவர்களுக்குப் போன் அடித்தால், கிறிஸ்மஸ் முடிந்துதான் வருவோம் என்று ஒரு பதிவு செய்த குரல் சொன்னது. ஞானேஸ்வரன் வளவில் நின்று நீண்ட நேரம் யோசித்தார். தன் பெட்டி நன்றாகத்தான் பொத்தி இருக்கிறது. நேற்றுவரை வேலை செய்தது. நேற்று மாறியது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் பளபளவென்று ஒரு வெள்ளி உறை.

"கண்டுபிடிச்சிட்டன்," என்று படியேறி வந்து சொன்னார். "அவன்ர வெள்ளிக் கவர் குளிரைத் திருப்பி எங்கட பெட்டிக்கு அடிக்குது."

சுகிர்தா அவரைப் பார்த்தாள். "குளிரையோ?"

"வெளிச்சம் பட்டால் திரும்புதுதானே? அப்ப குளிரும் திரும்பும்."

இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு பழைய மெத்தையை நிறுத்தி, தன் பெட்டியோடு சேர்த்து வரிந்து கட்டினார். சுப்பிரமணியன் பின்கதவால் ஓடிவந்தார். உறை போட்டும் தன் வீடு சூடாகவில்லை என்ற கோபம் அவருக்கு.

"அண்ணே, உங்க மெத்தை எங்க யூனிட்டுக்கு வர்ற வெயிலை மறைக்குது!"

"டிசம்பரில உமக்கு மோர்டனில வெயில் வருதோ? எனக்கும் கொஞ்சம் தாரும்!"

சுப்பிரமணியன் உள்ளே போய் யோகா பாய், குளியலறைக் கால்விரிப்பு, பிரீத்தாவின் தடித்த போர்வை எல்லாவற்றையும் கொண்டுவந்து தன் வெள்ளி உறைக்கு மேல் சுற்றினார். இரண்டு பெட்டிகளும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டிவைத்த பார்சல் மாதிரி வளவில் நின்றன. இரண்டு வீடும் குளிர்ந்து கிடந்தன.

பாலேந்திரா ஹீத்ரோவிலிருந்து வந்து இறங்கினார். குழுவில் பேசிய பந்தயத்துக்குக் கட்டுப்பட்டு, சோபாவில் சாரத்தை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் ஐஸ் மாதிரித் தொடையில் ஒட்டியது. பத்து நிமிடத்தில் சாரத்துக்குக் கீழே காற்சட்டை வந்தது. சாரத்துக்கு மேலே கோட்டு வந்தது. காதை மூடும் கனடாத் தொப்பி கடைசியாக வந்தது.

"ஞானம்," என்றார், வாயிலிருந்து புகை வர. "விசிறி வேண்டாமடாப்பா."

அதைப் படமெடுத்துக் குழுவில் போட அவரே கைத்தொலைபேசியை நீட்டினார். ஞானேஸ்வரன் கையைப் பிடித்தார்.

"பாலா அண்ணை, ஒரு நிமிசம். மெசின் பழுது. நீங்கள் சொன்ன மாதிரித்தான் மூடினனான். வந்து பாருங்கோ."

வளவில் இரண்டு பார்சலையும் கண்டதும் பாலேந்திரா நின்றார். சுப்பிரமணியனும் மப்ளரோடு வெளியே வந்தார். மெத்தைக்குள்ளேயிருந்து களைத்துப்போன ஒரு முனகல் கேட்டது.

"உது என்ன சத்தம்? ஓடுதோ?"

"ஓம். சூட்டுக்குப் போட்டிருக்கிறம்."

"அட விசரா! ஓடுற மெசினை ஆரும் மூடுவினமே? எங்கட ஏசி கோடைக்கு மட்டும். மாரியில நிப்பாட்டிப்போட்டுத்தான் மூடுறம். சூட்டுக்கு எங்களுக்கு வீட்டுக்குள்ள வேற மெசின் இருக்கு!"

சுப்பிரமணியன் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "இதைத்தானே அண்ணே நான் முதல் நாளே சொன்னேன்! காத்து வேணும், காத்து வேணும்னு!"

"சும்மா இரும்!" ஞானேஸ்வரன் விடவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "அப்ப நான் மூடினாப் பிறகு என்ர வீடு என்னெண்டு கொதிச்சது? நீர் மூடாமல் விட்ட உம்மட வீடு என்னெண்டு விறைச்சது? அதுக்குச் சொல்லும் பதில்!"

சுப்பிரமணியன் மப்ளரை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார்.

"அதுதான் எனக்கும் புரியல," என்றார் கடைசியில்.

பாலேந்திராவுக்கும் புரியவில்லை. ஆனாலும் வாக்குறுதி தீர்ந்துவிட்டது, லண்டனைப் பற்றி இனித் தாராளமாகச் சொல்லலாம் என்பது மட்டும் புரிந்ததால் முகத்தில் ஒரு சூடு தெரிந்தது. ஞானேஸ்வரனும் சுப்பிரமணியனும் குனிந்து ஆளுக்கொரு கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

வேலிக்கு மேலாக ஒரு தட்டுக் கிறிஸ்மஸ் கேக்கும் அதற்குப் பின்னால் மேரிறோஸ் அன்ரியும் எழும்பினார்கள். கயிறு அவிழ்வதைக் கண்டு அவர் முகம் வாடியது.

"ஏன் தம்பியவை கழட்டுறியள்? குழாய் எட்டேல்ல எண்டு பூட்ட வந்தவங்கள் வலதைக் கீழ்வீட்டுக்கும் இடதை மேல்வீட்டுக்கும் மாத்திப் பூட்டிப்போட்டுப் போக, தன்ரயைக் குளிரில விட்டிட்டு ஆளுக்கு ஆள் மற்ற ஆளின்ர மெசினை இப்பிடிப் பொத்திப் பொத்திப் பாக்குதுகளே எண்டு நான் சேர்ச்சில கூட எழும்பி நிண்டு சொன்னனான்!"